பூசைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

போன ஆயுத பூசைக்கு முதல் நாள் நான் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்த என் சம்சாரம் கம்ப்யூட்டர் வழியாகச் சொன்னாள்: "இதுக்கும் பொட்டு வைங்க. எனக்கு இதான் தொழிலு."

அவள் வாயால் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நரம்பு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வரும் வியாதி. முதலில் கையில் கரண்டி நிற்கவில்லை. அப்புறம் கால் போனது. அப்புறம் பேச்சு குழறிக் குழறி நின்றுவிட்டது. கடைசியில் கண் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. நான் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்க மறந்தால்கூட அவளுக்குத் தெரியும்.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. நான் பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டரைத் தொட்டவன் இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் டீச்சர். என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர். அவளைக் கட்டிலில் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த மாதம் ஒரு பழைய கம்ப்யூட்டரோடும் யாரிடமோ கேட்டு வாங்கிய ஒரு கேமராவோடும் வந்து இறங்கினார். திரைக்குக் கீழே அந்தக் கேமரா இருக்கும். அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அந்த எழுத்து விழும். வரி முடிந்ததும் மூலையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் அதை வாசிக்கும். அது ஒரு ஆம்பளைக் குரல், ஏற்ற இறக்கமே இல்லாத குரல். ஆனால் பேச்சு அவளுடைய பேச்சு. "உப்பு போடலை" என்று அந்தக் குரல் முதன்முதலாகச் சொன்னபோது நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அழுதேன்.

கேமராவைச் செய்த கம்பெனி அதை எப்போதோ கைவிட்டுவிட்டதாம். கேமரா சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க டிரைவர் என்று ஒன்று வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் அதை எழுதி இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். அதை எடுத்து எங்கள் பெட்டிக்குச் சேர்கிற மாதிரி டீச்சர் பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நாங்கள் அணைத்ததே கிடையாது. அவள் முகத்தில் முகமூடி மாதிரி மாட்டுகிற மூச்சு மெஷினுக்காக இன்வெர்ட்டர் வாங்கியிருந்தோம். அதனால் கரண்ட் போனாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைப்பதற்கு மனசும் வராது. தூங்குகிற ஆளின் வாயைப் பொத்துகிற மாதிரி இருக்கும்.

பூசைக்கு முந்தின வாரம் புதுக்கோட்டையில் டாக்டரிடம் போயிருந்தோம். மூச்சு குறைந்துகொண்டே வருகிறது என்றார். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மெஷினோடு சேர்த்தால் உயிர் நிற்கும், ஆனால் அதற்கப்புறம் மெஷினை விட்டு இறங்க முடியாது. வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லி முடிக்கவில்லை. "நீங்க முடிவு பண்ணாதீங்க. அவங்க அண்ணனும் பண்ண வேணாம். தெளிவா இருக்கையிலேயே அவங்களையே கேட்டு வச்சுக்கங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் நிதானமாக எழுத்துகளைப் பார்த்தாள். "பூசை முடியட்டும். அண்ணன் வரட்டும். சொல்றேன்."

அண்ணன் என்றால் என் மச்சான். குளத்தூரில் விவசாயம். அப்பா அம்மா இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தலை பின்னி விட்டதுகூட அவர்தான் என்று அவள் சொல்வாள். அவருக்கு ஒரே பேச்சு, குழாய் வைக்க வேண்டும், உயிர் இருந்தால் போதும். ஒருநாள் நான் மனசு கேட்காமல், "அவ ரொம்பக் கஷ்டப்படுறா மச்சான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குப் பாரமாப் போச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

அதிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. வருவார், தங்கச்சி பக்கத்தில் உட்காருவார், கால் அமுக்கிவிடுவார். சாப்பாட்டு நேரம் வந்தால் எழுந்து பஸ் ஸ்டாப் கடைக்குப் போய்விடுவார். தண்ணீர்கூடக் கையோடு பாட்டிலில் கொண்டுவருவார். அவளுக்கு எல்லாம் தெரியும். அவர் எழுந்து போகும்போதெல்லாம் அவள் கண் வாசல்வரை கூடவே போகும்.

ஆயுத பூசையன்று காலையில் வீட்டைக் கழுவி, மெஷின், கத்தரி, இஞ்ச் டேப், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். பூசையில் வைத்த சாமானை மறுநாள் பூசை முடித்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. கம்ப்யூட்டரும் அப்படித்தானே. அணைப்பதற்கு முன்னால் அவளிடம் சம்மதம் கேட்டேன். "அணைங்க. ஒரு நாள்தானே. நாளைக்கு அண்ணன் வரும்ல? பூசை முடிச்சதும் மொத வேலையா இதைப் போட்டுருங்க" என்றாள். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, காய்ந்த துணியால் துடைத்து, நெற்றி மாதிரி இருந்த இடம் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவளுக்குச் சரியாகத் தெரியட்டும் என்று பெட்டியைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பொரி கடலை விழுங்க முடியாது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் தொட்டு வைத்தேன். அன்று முழுக்க வீட்டில் பேச்சில்லை. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. அது எங்களுக்குப் பழகின பாஷைதான்.

விஜயதசமி காலையில் சூடம் காட்டி, மெஷினை நகர்த்தி, வழக்கப்படி ஒரு புதுத் துணியில் ஒரு தையல் ஓட்டினேன். அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வந்தது. எழுத்துகள் வந்தன. கேமராவில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை. அவள் எழுத்துகளைப் பார்த்தாள். அம்புக்குறி நடுத் திரையில் செத்த பூச்சி மாதிரி கிடந்தது.

சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதோ என்று பயந்தேன். கேமராவைப் பிடுங்கி ஊதினேன், துடைத்தேன், மறுபடி சொருகினேன். அணைத்துப் போட்டேன். தாயே என்று கும்பிட்டுவிட்டுப் போட்டேன். விளக்கு எரியவில்லை. அவள் பாட்டுக்கு எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வை அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கொண்டிருந்தது. ஏதோ வரி ஓடுகிறது என்று தெரிகிறது, என்ன வரி என்று தெரியவில்லை. டீச்சருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் மச்சான் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டரு கெடக்குது ஆத்தா. நான் கேக்குறேன், நீ கண்ணாலயே சொல்லு. கொழா வச்சிரலாமா? மேல பாரு."

அவள் மேலே பார்க்கவில்லை.

"வேணாமா? அப்ப கண்ணை மூடு."

மூடவும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைத்தேன்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, வேணாம்னு சொல்லலை அவ."

வேண்டும் என்றும் சொல்லவில்லையே மச்சான் என்றேன். அதற்கு மேல் என் வாய்க்கு அங்கே மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

துணி வெட்டுவதற்கு முன் அளவு வரையும் காகிதத்தில் எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதினேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அப்படித்தான் பேசுவோம். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக்கொண்டே போவேன், வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணைத் தூக்குவாள். ஆனால் அப்போது அவளுக்கு மூச்சு இருந்தது. அன்று அவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே அவளால் முடியவில்லை. எவ்வளவோ நேரத்துக்கப்புறம் ஒரு வார்த்தை சேர்ந்தது. 'அண்ணே.' அதோடு கண் சொருகிவிட்டது. மச்சான் எழுந்து வாசலில் போய் நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

மத்தியானத்துக்கு மேல் டீச்சர் கூப்பிட்டார். மாமியார் ஊரில் ஒரு காதுகுத்து, போன் பையில் கிடந்திருக்கிறது. நான் சொல்வதைக் கேட்டவர் முதலில் கேட்டது, "பெட்டியை அணைச்சீங்களா?"

"பூசைக்கு" என்றேன்.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். கம்ப்யூட்டருக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது, மற்றது எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. அதற்கு அவ்வப்போது புதுசு வரும், தானாகவே இறங்கி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பெட்டியை அணைத்துப் போட்டால்தான் அந்தப் புதுசு எழுந்து வேலைக்கு வரும். அதுவரை பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

"நீங்க ஆளை அளந்துதானே தைப்பீங்க? அந்த டிரைவரை நான் பழைய கெர்னல் அளவுக்குத் தச்சிருக்கேன். இப்ப எந்திரிச்சிருக்கிறது வேற ஆளு. சட்டை சேரலை. புதுசு வந்தா டிரைவரும் தானாத் திரும்பச் சேந்துக்கிற மாதிரிதான் வச்சிருந்தேன், அது நடக்கலை போல. பூசை போட்டது தப்பில்லைங்க. அது எந்நாளாச்சும் ஒரு நாள் நடந்திருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் எனக்காகச் சொன்னாரா, உண்மைக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பழைய கெர்னல் உள்ளேயேதான் இருக்கும், போடும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் பழையதா புதுசா என்று கேட்கும் என்றார். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அழுத்தினேன். முந்தி அழுத்தினால் கேட்கவில்லை, பிந்தி அழுத்தினால் நேரே திரை வந்துவிடுகிறது. தையல் மெஷினில் கால் மிதிப்பதற்குத் தக்கபடி கை ஓட்டிப் பழகினவன் நான். அந்த ஒரு நொடி எனக்குப் பிடிபடவே இல்லை. மறுநாள் காலையில் தானே வருவதாக டீச்சர் சொன்னார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. டவுனில் கடையில் கொடுத்தால் ஃபார்மேட் அடித்து ஒரு மணி நேரத்தில் தருவார்கள், பெட்டியைத் தூக்குங்கள் என்றார். டீச்சர் அதைத்தான் முக்கியமாகச் சொல்லியிருந்தார். ஃபார்மேட் மட்டும் யாரையும் பண்ண விடாதீர்கள், பழைய கெர்னல், டிரைவர், அவள் கண்ணுக்கு எடுத்த அளவு எல்லாமே போய்விடும் என்று. நான் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு மாட்டேன் என்றேன்.

"அவ பேசிறக் கூடாதுன்னு இருக்கீங்களா மாப்பிள்ளை?"

நான் பெட்டி மேலிருந்து கையை எடுக்கவில்லை.

விடிந்தபோது அவளுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கரகரவென்று ஓடியது. மூச்சு மெஷினின் முகமூடிக்குள் உதடு வெளுத்திருந்தது. ராத்திரி ஊருக்குப் போகாமல் திண்ணையிலேயே படுத்திருந்த மச்சான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேன் சொல்லிவிட்டார். அங்கே போனால் கேள்வியே கிடையாது, மூச்சு தடுமாறினால் குழாய் வைத்துவிடுவார்கள். அவளுடைய இரண்டு சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார். வேன் வந்து திரும்பி நின்றது. நான் அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். தடுக்க எனக்கு வார்த்தை இல்லை. அவள் வார்த்தைதான் வேண்டும், அது பெட்டிக்குள் இருந்தது.

அப்போதுதான் டவுன் பஸ்ஸிலிருந்து டீச்சர் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். காதுகுத்து வீட்டுப் பூவைக்கூடத் தலையிலிருந்து எடுக்கவில்லை. மச்சானிடம், "கொஞ்ச நேரம் கொடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

முதலில் புதுக் கெர்னலுக்கே டிரைவரைத் திரும்பத் தைத்துப் பார்த்தார். அதுதான் முறையாம். திரை முழுக்க வரி வரியாக ஓடிக் கடைசியில் நின்றது. புதுசில் உள்ளே எதையோ பெயர் மாற்றி வைத்துவிட்டார்கள், டிரைவர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, அங்கே அந்தப் பெயரில் ஆளில்லை. இதைத் திருத்த எனக்கு நாளாகும் என்றார். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். டீச்சர் பெட்டியை அணைத்தார். போடும்போதே ஒரு பட்டனை விடாமல் பிடித்தார். கறுப்புத் திரையில் சில வரிகள் வந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனார். அங்கே புதுசுக்குக் கீழே பழையதும் இருந்தது. அதன் பெயர் ஏதோ எண்ணும் புள்ளியும்தான். அதை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் பார்த்தாள். அம்புக்குறி நகர்ந்தது. நான் முகமூடியைக் கொஞ்சம் தாழ்த்தி அவளுக்குத் திரை தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். எழுத்து மெதுவாக, ஒரு சட்டைக்கு முழுக்கக் காஜா எடுக்கிற நேரத்துக்கு விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் கண்ணை மூடிக் கிடந்தாள். மறுபடி திறந்தாள். யாரும் திரையை வாசிக்கவில்லை. மச்சான் பையைக் கீழே வைக்காமலே நின்றார். கடைசியில் அவள் மூலையைப் பார்த்தாள். அந்த ஆம்பளைக் குரல் சொன்னது:

"அண்ணே. கொழா வேணாம்ணே. இது நான் சொல்றது. அவரு சொல்லிக் கொடுக்கலை. ஒங்கிட்டக் கண்ணை மூடிக்கிட்டு வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. மூஞ்சியத் திருப்பிக்கிட்ட மாதிரி இருக்கும். அதான் பேசாமக் கெடந்தேன். நீ வளத்த வளப்புக்கு இது போதும்ணே. வேனை அனுப்பிரு. சாப்ட்டுட்டுப் போ."

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது. ரொம்ப நேரம் அழுதார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீபோர்டில் ஏதோ செய்துகொண்டிருந்தார். எப்போது போட்டாலும் பழையதே எழுந்திருக்கிற மாதிரியும், இனிமேல் புதுசு எதுவும் தானாக இறங்காத மாதிரியும் பூட்டுப் போட்டதாக அப்புறம் சொன்னார். இன்னும் ஒரு அப்டேட் இறங்கியிருந்தால் இடம் பத்தாமல் பழையதைத் துடைத்திருக்குமாம்.

வேன் போனது. காலையில் அவசரத்தில் வைத்த ரசமும் கொஞ்சம் சோறும்தான் இருந்தது. தட்டில் போட்டு மச்சான் முன்னால் வைத்தேன். அவர் பாட்டில் தண்ணீரை எடுக்கவில்லை. நான் கொண்டுவந்த சொம்பில் கையைக் கழுவினார். தங்கச்சியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை, ஆனால் தட்டில் மிச்சம் வைக்காமல் பிசைந்து பிசைந்து முடித்தார். "மாப்பிள்ளை" என்றார். அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

உள்ளூர் டாக்டர் வந்து ஊசி போட்டுச் சளிக்கும் வலிக்கும் மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது, மூச்சு ஏறவில்லை. தீபாவளித் தையல் குவிந்து கிடந்தது. அவள் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு தைத்தேன். ரொம்பப் பேசமாட்டாள். ஒருநாள், "அந்தப் பச்சை ரவிக்கைக்குக் கொக்கி வைக்கலை நீங்க" என்றாள். எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை.

தீபாவளி வரை அவள் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு நூல் கோக்கும்போது, மூச்சு மெஷினின் சத்தம் மட்டும் கேட்கிறது, அவள் சத்தம் கேட்கவில்லை என்று உணர்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மச்சான் போர்த்தினார். அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர், தொழில் சாமானோடு வியாதிக்காரி சாமானையும் சேர்த்துப் பூசையில் வைத்ததுதான் குத்தம் என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. மச்சானுக்கும் விழுந்தது. "எந்தங்கச்சி கேட்டா, வச்சாரு" என்றார். பேச்சு அதோடு நின்றது.

கருமாதி முடிந்து டீச்சர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். ஆலங்குடிப் பக்கம் ஒருவருக்கு இதே வியாதி, அவருக்கும் கண்தான் மிச்சம். டிரைவரை எழுதிய அந்தப் புண்ணியவான் புதுக் கெர்னலுக்குத் தகுந்தபடி திருத்திப் போட்டுவிட்டாராம், அதனால் இனிப் பயமில்லை என்றார். நானே ஒயரைச் சுருட்டி, பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தேன். பொட்டைத் துடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் இஷ்டம் போல் செய்துகொள்ளட்டும்.

ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. விஜயதசமி காலையில், விளக்கு எரியாத அந்தக் கேமராவுக்கு முன்னால் அவள் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளே. அப்போது மச்சான் வரவில்லை. நானும் அவளும்தான் இருந்தோம். அது எனக்குச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். பெட்டி சரியானபிறகு, மச்சான் ஊருக்குப் போனபிறகு, அன்னைக்கு என்ன சொல்ல வந்தே என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள்.

"மறந்துபோச்சு" என்றது அந்தக் குரல்.

அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.